பிள்ளைக்கு எந்த மெசேஜ் ஆப் போட்டுக் கொடுப்பது?

வாட்ஸப் நல்லதா, சிக்னல் நல்லதா, ஸோஹோவின் அரட்டை ஆப் நல்லதா? பள்ளி திறக்கும் மாதத்தில் பெற்றோர் குரூப்களில் தவறாமல் வரும் கேள்வி இது. பதில் சொல்ல வருபவர்கள் நேரே எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவதில், போய் நிற்பார்கள். பெரியவர்களுக்கு அது சரியான அளவுகோல்தான். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து வருவது மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் ஆளிடமிருந்து. அந்த ஆள் அனுப்புவதையும் என்கிரிப்ஷன் பத்திரமாகத்தான் கொண்டுவந்து சேர்க்கும்.

அதனால் எந்த ஆப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. முன்பின் தெரியாத ஒருவர் இந்தப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் நேராகப் பேச்சுக்குள் வந்துவிடலாமா, அனுமதி கேட்டு வெளியே நிற்க வேண்டுமா? குரூப்பில் சேர்ந்தால் யாருக்கெல்லாம் நம்பர் தெரியும்? நடந்த பேச்சு தங்குமா, சுவடில்லாமல் அழிந்துவிடுமா? ப்ளாக், ரிப்போர்ட் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைக்கே தெரியுமா? இப்படிக் கேட்டுக்கொண்டு போனால், பெரியவர்களுக்கு நல்லது என்று பேரெடுத்த சில ஆப்கள் பிள்ளைகளுக்குத் தேறாது.

முதலில் போன்

நம் வீடுகளில் பிள்ளை கைக்கு வருவது பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ வைத்திருந்துவிட்டுக் கொடுத்த பழைய போன். அதில் அப்பாவின் ஜிமெயில் அப்படியே இருக்கும். கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. பிளே ஸ்டோரைப் பொறுத்தவரை அந்த போனைப் பிடித்திருப்பவருக்கு வயது நாற்பது, எதையும் இறக்கிக்கொள்ளலாம். அப்பாவின் காண்டாக்ட் லிஸ்ட் மொத்தமும், பிளம்பர், கேஸ் போடுபவர், பழைய ஆபீஸ் மேனேஜர் உட்பட, பிள்ளையின் காண்டாக்ட் லிஸ்ட் ஆகிவிடும். பின்னால் நாம் போடப்போகும் கட்டுப்பாடுகளில் பாதி "மை காண்டாக்ட்ஸ்" என்ற ஒரு சொல்லை நம்பித்தான் இருக்கின்றன. அந்த லிஸ்ட்டில் எண்ணூறு பேர் இருந்தால் கட்டுப்பாடு போட்டும் பயனில்லை. கேலரி பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு பேர் படங்களும் ஒரே கூகுள் போட்டோஸில் கலக்கும்.

போனை முழுக்க ரீசெட் செய்துவிட்டு, பிள்ளையின் பெயரில், உண்மையான பிறந்த தேதியோடு தனி கூகுள் கணக்கு தொடங்குங்கள். 13 வயதுக்குக் கீழ் என்றால் அது பெற்றோரின் ஃபேமிலி லிங்க்கோடு (கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்) இணைந்துதான் உருவாகும். ஃபேமிலி லிங்க்கில் மூன்று விஷயம் போதும்: எந்த ஆப் இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வர வேண்டும், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஏபிகே (ஆப்பை நேராகப் போடும் ஃபைல்) போடுவது மூடியிருக்க வேண்டும், இரவு நேரத்தில் போனைப் பூட்டிவைக்கும் டவுன்டைம். ஏபிகே ஏன் முக்கியம் என்றால், ஜிபி வாட்ஸப் மாதிரி மாற்றிச் செய்த ஆப்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன. அடுத்தவர் அழித்த மெசேஜைப் பார்க்கலாம், ஆன்லைனில் இருப்பதை மறைக்கலாம் என்று பிள்ளைகள் ஆசையாகப் போட்டுக்கொள்வார்கள். யார் செய்தது, மெசேஜ் எங்கே போகிறது என்று கேட்க ஆள் கிடையாது; வாட்ஸப்பும் அப்படிப்பட்ட கணக்கை முடக்கிவிடும். காண்டாக்ட்டுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். பதினைந்து, இருபது பேர் போதும்.

ஃபேமிலி லிங்க் மெசேஜ்களைப் படித்துக் காட்டாது. அது ஆப்பைத் திறக்கவும் மூடவும் தெரிந்த கருவி, அவ்வளவுதான். இதைத் தெரியாமல் "ஃபேமிலி லிங்க் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

ஐபோன், ஐபேட் என்றால் செட்டிங்ஸில் ஸ்க்ரீன் டைம், அதற்குள் கம்யூனிகேஷன் லிமிட்ஸ். காண்டாக்ட்ஸ் மட்டும் என்று வைக்கலாம். ஆனால் அந்தத் தடை போன் கால், ஃபேஸ்டைம், ஆப்பிளின் சொந்த மெசேஜஸ் ஆப் ஆகியவற்றுக்குத்தான். வாட்ஸப்புக்குள் என்ன நடந்தாலும் அது கண்டுகொள்ளாது. கம்யூனிகேஷன் சேஃப்டி என்ற இன்னொரு வசதியையும் போட்டு வையுங்கள். நிர்வாணப் படம் வந்தாலோ பிள்ளை அனுப்பப் போனாலோ படத்தை மங்கலாக்கி, வேண்டுமா என்று கேட்கும். சோதனை போனுக்குள்ளேயே நடக்கிறது, ஆப்பிளுக்குப் படம் போவதில்லை. ஐஓஎஸ் 17இலிருந்து 13க்குக் கீழான கணக்குகளுக்கு இது தானாகவே போட்டிருக்கும்.

மேலே எல்லாமே பிறந்த தேதியைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான இன்ஸ்டாகிராமின் டீன் அக்கவுண்ட்டும் அப்படித்தான். பிள்ளைகள் 2000 என்று ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள், சில வீடுகளில் பெற்றோரே போட்டுக் கொடுப்பார்கள். அந்த ஒரு பொய்யில் இத்தனை பாதுகாப்பும் ஒரே நேரத்தில் அணைந்துவிடுகிறது. ஏற்கெனவே பொய் வயதில் கணக்கு இருந்தால் திருத்துங்கள், முடியாவிட்டால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

சிம் விஷயம் யாரும் யோசிப்பதில்லை. டேப்லெட்டில் வாட்ஸப் இருக்கும், அதற்கு ஓடிபி வந்த சிம் தாத்தாவின் பட்டன் போனில் இருந்து, ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருக்கும். முடக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். புதிதாக வாங்கியவர் வாட்ஸப் தொடங்கினால் ஓடிபி அவருக்குத்தான் வரும். பிள்ளை இருந்த குரூப்களில் அந்த நம்பராக அவர் நிற்பார். எந்த சிம்மில் கணக்கு இருக்கிறதோ அதை உயிரோடு வைத்திருங்கள். வாட்ஸப்பின் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் ஆறு இலக்க பின் போட்டு, உங்கள் ஈமெயிலைக் கொடுங்கள்.

13க்குக் கீழ்

வாட்ஸப், சிக்னல், டிஸ்கார்ட், ஸ்னாப்சாட், இன்ஸ்டாகிராம் எல்லாமே வழக்கமான கணக்குக்கு 13 வயது கேட்கின்றன. பிளே ஸ்டோரில் 3+ என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த எண் ஆப்போடு சேர்ந்து வரும் உள்ளடக்கத்துக்குக் கொடுத்த மதிப்பெண். உள்ளே யார் வந்து என்ன பேசுவார்கள் என்பதற்கு அதில் பொறுப்பு கிடையாது.

பத்து வயது வரை தனி மெசேஜ் ஆப்பே வேண்டாம் என்பது என் கட்சி. அம்மா போனில், கூடத்தில் உட்கார்ந்து, அத்தையோடும் பெரியப்பா பிள்ளைகளோடும் வீடியோ கால் பேசுவது தாராளமாகப் போதும். வெளிநாட்டில் சொந்தம் இருக்கிறது, நேர வித்தியாசம், பிள்ளை தானாகப் பேச வேண்டும் என்றால் மெசஞ்சர் கிட்ஸ் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் தொடங்கியது, 6 முதல் 12 வயதுக்கு. போன் நம்பர் வேண்டாம், விளம்பரம் கிடையாது, ஆப்புக்குள் காசு கேட்காது. பெற்றோரின் ஃபேஸ்புக் கணக்கில்தான் அதன் சாவி இருக்கிறது. பிள்ளையின் டேப்லெட்டில் ஆப்பைப் போட்டு, உங்கள் ஃபேஸ்புக் பாஸ்வேர்டால் ஒரு முறை உறுதிசெய்கிறீர்கள். அதனால் டேப்லெட்டில் ஃபேஸ்புக் திறந்துவிடாது. பிறகு உங்கள் ஃபேஸ்புக் மெனுவிலிருந்து பேரண்ட் டேஷ்போர்டு. யாரோடு பேசினான், என்ன படம் போனது வந்தது, யாரை ப்ளாக் செய்தான் என்று அதில் தெரியும். ஸ்லீப் மோடில் தூங்கும் நேரம் வைக்கலாம்.

குறையும் உண்டு. நண்பர்களைப் பிள்ளையே ஏற்றுக்கொள்ளும்படி விடும் ஒரு தேர்வும், பிள்ளையின் பெயரும் படமும் தெரிந்தவர்களின் தெரிந்தவர்களுக்குக் காட்டும் ஒரு தேர்வும் அமைக்கும்போது வரும். இரண்டையும் வேண்டாம் என்று வையுங்கள். 2019இல் ஒரு பிழையால், பெற்றோர் அனுமதிக்காத ஆட்கள் இருந்த குரூப் சாட்டுகளுக்குள் பிள்ளைகள் போய்விட்டார்கள்; நிறுவனம் அந்த குரூப்களை மூடிவிட்டுப் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பியது. பிழை எங்கே வந்தது என்று பாருங்கள்: குரூப்பில். ஒருவரோடு ஒருவர் பேசும்போது போட்ட கட்டுப்பாடு, மூன்றாவது ஆள் வந்ததும் கசிந்தது. எந்த ஆப்பிலும் ஓட்டை முதலில் விழும் இடம் அதுதான்.

பெற்றோர் இருவருக்கும் ஃபேஸ்புக் இல்லை, மெட்டா நிறுவனத்துக்குப் பிள்ளையின் விவரம் போக வேண்டாம் என்றால் இந்த ஆப் உங்களுக்கு இல்லை. அம்மா போனுக்குத் திரும்புங்கள்.

வாட்ஸப்: தவிர்க்க முடியாததால் ஒழுங்காக

எட்டாம் வகுப்பு வந்தால் ஹோம்வொர்க், டியூஷன், கிரிக்கெட், எல்லாவற்றுக்கும் குரூப் வாட்ஸப்பில்தான். வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளையை ஒதுக்கிவைப்பதைவிட, செட்டிங்ஸில் அரை மணி நேரம் செலவழிப்பது மேல்.

செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். "எவ்ரிஒன்" என்று இருக்கும்; "மை காண்டாக்ட்ஸ்" ஆக்குங்கள். இனி தெரியாதவர் சேர்க்க முயன்றால் அழைப்பு லிங்க்தான் வரும், அது மூன்று நாளில் காலாவதியாகும். லாஸ்ட் சீன், புரொஃபைல் படம், அபௌட், ஸ்டேட்டஸ் எல்லாமே "மை காண்டாக்ட்ஸ்". பிரைவசிக்குள்ளேயே கால்ஸ் என்ற இடத்தில் தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் பொத்தான் இருக்கிறது, அதைப் போடுங்கள். பிரைவசியின் கடைசியில் அட்வான்ஸ்டு. அதில் அழைப்பின்போது ஐபி முகவரியை (இருக்கும் இடத்தைத் தோராயமாகக் காட்டிக்கொடுக்கும் எண்) மறைப்பது, லிங்க் ப்ரிவ்யூவை நிறுத்துவது, இரண்டையும் போடுங்கள். 2026 தொடக்கத்தில் ஸ்ட்ரிக்ட் அக்கவுண்ட் செட்டிங்ஸ் என்று ஒன்று அறிவித்தார்கள். உங்கள் போனில் வந்திருந்தால் அதே அட்வான்ஸ்டில் இருக்கும். தெரியாத நம்பர் அனுப்பும் படம், ஃபைல் எல்லாவற்றையும் தடுத்துவிடும். பத்திரிகையாளர்களையும் பொதுவாழ்வில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்துச் செய்தது. பிள்ளைக்கும் அளவாகப் பொருந்துகிறது.

அடுத்து ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மீடியா ஆட்டோ டவுன்லோடு மூன்று இடத்திலும் "நோ மீடியா". சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டியை அணையுங்கள். நாற்பது பேர் குரூப்பில் எவனோ ஒருவன் போடும் படம், பிள்ளை தொடாமலேயே கேலரியில் வந்து உட்காருவது இதனால் நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு வழி திறந்தே இருக்கிறது. ஒன்று, நம்பர் தெரிந்த எவரும் முதல் மெசேஜைப் போட்டுவிடலாம். அதை முழுக்க அடைக்க முடியாது. இரண்டாவது வகுப்பு குரூப். சேர்ந்த எல்லோருக்கும் எல்லோர் நம்பரும் தெரியும். வகுப்புப் பிள்ளை ஒருவனின் அண்ணன், அந்த அண்ணனின் நண்பன், டியூஷன் விட்டுப்போன ஒரு பழைய மாணவன், யார் வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். லிங்க் வழியாகச் சேரும் குரூப் என்றால் லிங்க் எங்கே சுற்றுகிறது என்று அட்மினுக்கே தெரியாது. குரூப் அட்மினாக இருக்கும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கேட்கக்கூடிய மூன்று காரியம்: அட்மின் அனுமதித்தால்தான் சேரலாம் என்பதைப் போடுவது, லிங்க்கை ரீசெட் செய்வது, அறிவிப்புக்கு மட்டும்தான் குரூப் என்றால் கம்யூனிட்டியின் (பல குரூப்களை ஒன்றாக வைக்கும் வாட்ஸப் வசதி) அறிவிப்புப் பகுதிக்கு மாற்றுவது. அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. வருஷம் முடிந்ததும் பழைய வகுப்பு குரூப்பிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு குரூப் பத்தாம் வகுப்பு வரை உயிரோடு இருப்பது சாதாரணம்.

"மை காண்டாக்ட்ஸ்" என்பதைப் பிள்ளைகளே உடைக்கும் விதம் ஒன்று உண்டு. ஒருவர் ஸ்டேட்டஸைப் பார்க்க வேண்டும் என்றால் இருவரும் ஒருவர் நம்பரை ஒருவர் சேமித்திருக்க வேண்டும். அதனால் கேட்டவர் நம்பரையெல்லாம் சேமித்துவிடுவார்கள். மாதம் ஒரு முறை பிள்ளையோடு உட்கார்ந்து காண்டாக்ட் லிஸ்ட்டை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். "ஃப்ரீ ஃபயர் அண்ணா", "மேட்ச் ப்ரோ", "ரீல்ஸ் அக்கா", வெறும் ஒரு ஹார்ட் பொம்மை. இப்படி ஊர், வீடு, முகம் எதுவும் இல்லாத பெயர்கள் கண்ணில் படும். "இவங்கள நேர்ல பாத்திருக்கியா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் காண்டாக்ட்டை எடுத்துவிட வேண்டும். திட்டு விழக் கூடாது. திட்டினால் அடுத்த மாதம் அதே ஆள் "மேத்ஸ் சார்" என்ற பெயரில் இருப்பார்.

புரொஃபைல் படத்தில் யூனிஃபார்ம் வேண்டாம். பள்ளி பேட்ஜ், பின்னால் வீட்டு வாசல், வண்டி நம்பர் பிளேட், மூன்றும் சேர்ந்தால் முகவரி தேவையில்லை.

லிங்க்டு டிவைசஸ் பகுதியையும் பாருங்கள். ஒரு கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணு, கேம் ஸ்கின் கிடைக்கும்", "இந்த எட்டு எழுத்துக் கோடை அடி" என்று கேட்டுப் பிள்ளை செய்துவிட்டால், மொத்தப் பேச்சும் எங்கோ ஒரு லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும். போனில் எந்த மாற்றமும் தெரியாது. தெரியாத கருவி இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட்.

வியூ ஒன்ஸ் படத்தை வாட்ஸப்பில் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துப் படமெடுக்க யார் தடுப்பது? "ஒரு தடவைதானே தெரியும்" என்ற பேச்சு வந்தாலே உஷாராக வேண்டும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"அங்க வா, பேசலாம்"

தப்பான நோக்கத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் வந்த இடத்தில் காரியத்தைச் செய்வதில்லை. விளையாட்டில் பழக்கம் ஆவார்கள், இன்ஸ்டாகிராமில் பாராட்டுவார்கள், பிறகு "இங்க சரியா வரல, டெலிகிராம் வா", "ஸ்னாப் ஐடி குடு" என்பார்கள். கண்காணிப்பு உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அழைத்துப் போவதுதான் முதல் வேலை. எந்தப் பேச்சு என்றாலும், ஆப் மாறச் சொன்னால் வீட்டில் சொல்ல வேண்டும் என்ற ஒரே ஒரு விதி, இருபது செட்டிங்ஸுக்குச் சமம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு "சந்தேகப்படும்படியானவர்" என்றால் யார் என்று புரியாது. "வேற ஆப்புக்கு வா"ன்னு சொன்னவர் யார் என்பது தெளிவாகப் புரியும்.

அப்படி அழைத்துப் போகும் இடங்களில் டெலிகிராமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதற்குப் பாதுகாப்பானது என்று ஒரு பெயர் இருப்பதால். சாதாரணப் பேச்சு அதில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் இல்லை. தனியாகத் திறக்கும் சீக்ரெட் சாட்டில் மட்டும்தான். பொது குரூப்களில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம், பெயரை வைத்துத் தேடியே சேரலாம். பிள்ளை கணக்கு தொடங்கியதும் அந்த நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு அவர் டெலிகிராமில் சேர்ந்துவிட்டார் என்று அறிவிப்பு போகும். இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு: 2019இலிருந்து, இருவர் பேச்சில் ஒருவர் நினைத்தால் மொத்தப் பேச்சையும் இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம். சுவடே இருக்காது. வாட்ஸப்பில் எல்லோருக்கும் அழிப்பதற்கு இரண்டு நாளும் 12 மணி நேரமும்தான் கெடு, அழித்த இடத்தில் "மெசேஜ் அழிக்கப்பட்டது" என்ற வரியும் நிற்கும். போலீசுக்குப் போகும் நிலை வந்தால் இந்த வித்தியாசம் பெரிது. 16 வரை டெலிகிராம் வேண்டாம். கோச்சிங் சென்டர் பிடிஎஃப் எல்லாம் டெலிகிராம் சேனலில்தான் வருகிறது என்றால் அம்மா போனில் சேர்ந்து இறக்கிக் கொடுங்கள். போட்டே தீர வேண்டும் என்றால், பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் போன் நம்பரை "நோபடி" பார்க்கும்படி, நம்பரை வைத்துக் கண்டுபிடிப்பது "மை காண்டாக்ட்ஸ்", குரூப் சேர்ப்பதும் கால்களும் "மை காண்டாக்ட்ஸ்".

ஸ்னாப்சாட்டில் மெசேஜ் தானாக அழிவதுதான் இயல்பு நிலை, அதுவே எனக்குப் போதுமான ஆட்சேபம். ஏற்கெனவே இருந்தால் மேப்பில் இருக்கும் இடத்தை மறைக்கும் கோஸ்ட் மோட் போட்டு, பெற்றோருக்கான ஃபேமிலி சென்டரில் இணையுங்கள். யாரோடு பேசுகிறான் என்று தெரியும், என்ன பேசினான் என்பது தெரியாது. டிஸ்கார்டில் 2023இல் வந்த ஃபேமிலி சென்டரும் ஏறத்தாழ அப்படியே; பிள்ளையின் போனில் க்யூஆரைக் காட்டச் சொல்லி ஸ்கேன் செய்ய வேண்டும். டிஸ்கார்டில் ஒரே சர்வரில் (அங்கே குரூப்புக்கு அப்படிப் பெயர்) இருப்பவர் நேராக டிஎம், அதாவது தனி மெசேஜ், போடும் வசதியை மூடாமல் விட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

இன்ஸ்டாகிராம் டிஎம் இப்போது முன்பைவிடப் பரவாயில்லை. டீன் அக்கவுண்ட் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. பிள்ளை ஃபாலோ செய்பவரோ ஏற்கெனவே தொடர்பில் இருப்பவரோதான் மெசேஜ் போட முடியும், இரவு 10 முதல் காலை 7 வரை ஸ்லீப் மோட், 16க்குக் கீழ் என்றால் தளர்த்த பெற்றோர் அனுமதி வேண்டும். உண்மையான வயதைக் கொடுத்திருந்தால்!

விளையாட்டுக்குள் இருக்கும் சாட்டை யாரும் மெசேஜ் ஆப் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ இரண்டிலும் வாய்ஸ் சாட் உண்டு. டீம் வாய்ஸை அணைத்துவிட்டு, பள்ளி நண்பர்களோடு மட்டும் தனி டீமாக ஆடச் சொல்லலாம்.

சிக்னலை நான் ஒரு வேலைக்குப் பரிந்துரைப்பேன்: குடும்பத்துக்கு மட்டுமான ஆப்பாக, 13 தாண்டிய பிள்ளைக்கு. பொது குரூப் தேடல் இல்லை, சேனல் இல்லை, விளம்பரம் இல்லை, ஸ்டோரீஸையும் அணைத்துவிடலாம். புதியவர் மெசேஜ் போட்டால் வேண்டுகோளாக வரும். ஏற்கும் வரை படித்தது அவருக்குத் தெரியாது. பிரைவசியில் போன் நம்பர் பகுதியில் "யார் பார்க்கலாம்", "யார் கண்டுபிடிக்கலாம்" இரண்டையும் "நோபடி" ஆக்குங்கள். பெற்றோர் கட்டுப்பாடு என்று தனியாக எதுவும் அதில் கிடையாது. வகுப்புப் பிள்ளைகள் யாரும் அதில் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வார்கள், இந்தக் கணக்கில் அது நிறை.

அரட்டை நம்ம ஊர் ஸோஹோ செய்தது என்பதால் 2025 செப்டம்பரில் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் கால்கள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனில் இருந்தன, மெசேஜ்கள் இல்லை. அதைச் சொல்லித்தான் பெரிய விவாதமே நடந்தது. பிள்ளையைப் பொறுத்தவரை நான் அதை வாட்ஸப் மாதிரியே நடத்துவேன். நம்பரை வைத்து இயங்கும் இன்னொரு ஆப், அதே குரூப் சிக்கல், அதே சோதனை. ஊர்ப்பாசம் ஒரு செட்டிங் ஆகாது.

இன்னொரு போனை வைத்துச் சோதியுங்கள்

பிள்ளையின் லிஸ்ட்டில் இல்லாத ஒரு நம்பர் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் போன் போதும். முதலில் பிள்ளையின் நம்பரைச் சேமித்து ஆப்பில் பாருங்கள்: படம் தெரிகிறதா? அடுத்து கால் செய்யுங்கள், பிள்ளை பதில் மெசேஜ் எதுவும் போடும் முன்பே. மணி அடிக்கக் கூடாது, கால் லிஸ்ட்டில் மட்டும் பதிவாக வேண்டும். பிறகு ஒரு குரூப் தொடங்கிச் சேர்க்கப் பாருங்கள். நேராகச் சேர்ந்துவிட்டால் ஏதோ ஒரு அமைப்பு தவறு, பெரும்பாலும் அந்த நம்பர் பிள்ளையின் கூகுள் காண்டாக்ட்டில் எங்கோ கிடக்கும். கடைசியாக ஒரு "ஹாய்" போடுங்கள். இப்போது போனைப் பிள்ளையிடம் கொடுத்து, ப்ளாக்கும் ரிப்போர்ட்டும் அவனே செய்யட்டும். செட்டிங்ஸை நீங்கள் போட்டுக் கொடுக்கலாம். இரவு எட்டு மணிக்கு ஏதாவது வந்தால் விரல் போக வேண்டியது அவனுடையது.

போன் மாற்றினாலோ ஆப்பை அழித்துப் புதிதாகப் போட்டாலோ இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ரகசியமாக மெசேஜைப் படித்துக் காட்டும் வேவு ஆப்களைப் பற்றிக் கேட்பீர்கள். வேண்டாம். அவை பிள்ளையின் படங்களையும் பேச்சையும் யாரோ ஒருவருடைய சர்வருக்கு ஏற்றுகின்றன, பாதி ஆப்களைப் போடுவதற்கே போனின் பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறார்கள். கண்டுபிடித்த அன்று பிள்ளை இரண்டாவது கணக்கு தொடங்கிவிடும். பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஏதாவது நடந்தேவிட்டால் பதற்றத்தில் முதலில் செய்யத் தோன்றுவது, பேச்சை அழித்து ஆப்பைத் தூக்கிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். பதில் போடுவதை நிறுத்துங்கள், பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ப்ளாக் செய்யும் முன் நம்பர், யூசர்நேம், தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸப்பில் எக்ஸ்போர்ட் சாட் கொடுத்தால் முழுப் பேச்சும் ஃபைலாகக் கிடைக்கும். ரிப்போர்ட் செய்யும்போது கடைசி ஐந்து மெசேஜ் வாட்ஸப்புக்குப் போகும்.

ஆபாசப் படம் சம்பந்தப்பட்டிருந்தால் விதி மாறுகிறது. அந்தப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், சித்தப்பாவுக்கோ வக்கீலுக்கோ பள்ளிக்கோ ஆதாரம் என்று ஃபார்வர்டு செய்யாதீர்கள். பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பரப்புவது ஐடி சட்டம் 67பி பிரிவிலும் போக்சோவிலும் குற்றம். வெறுமனே வைத்திருப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால் எப்போது குற்றமாகும் என்று அதில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். போனை அப்படியே ஃப்ளைட் மோடில் போட்டு, உடனே புகாருக்குப் போங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் போடலாம். பணம் போயிருந்தால் 1930. பிள்ளைக்கு உடனடி உதவிக்கு 1098. பிள்ளை தன் படத்தையே அனுப்பிவிட்டு அது பரவும் என்று மிரட்டப்பட்டால், டேக் இட் டவுன் என்ற இலவச சேவை இருக்கிறது, 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாகி, அது மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி எடுக்கும். எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் உள்ள பேச்சுக்குள் அதனால் தேட முடியாது, அதனால் அதை மட்டும் செய்துவிட்டுப் போலீஸ் புகாரை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் புகார் போட்டதும் வரும் எண்ணை எழுதிக்கொண்டு, போனோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் வாருங்கள்.